வேட்டை வழக்கு கோர்ட்டில் ஏன் நிற்பதில்லை? – கேள்வி பதில்

(வன வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் பதில் சொல்கிறார்.)

முருகேசன்: எங்க ஊர்ல புள்ளிமான் அடிச்சவன் அபராதம் கட்டிட்டு மறுநாளே டீக்கடையில உட்கார்ந்திருக்கான். சட்டமே அவ்வளவுதானா சார்?

பதில்: எங்கே அடித்தான் என்பதைப் பொறுத்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளை அட்டவணைகளாகப் பிரிக்கிறது; முதல் அட்டவணைக்குத்தான் அதிகப் பாதுகாப்பு. புள்ளிமான் இப்போது இரண்டாம் அட்டவணை. சரணாலயத்துக்கு வெளியே என்றால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். குறைந்தபட்ச சிறை கிடையாது. அதனால் அந்தச் சட்டத்தின் 54ஆம் பிரிவின்படி வனத்துறையே பணம் வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துவிடலாம். 2022 திருத்தத்தில் அந்தத் தொகையின் உச்சவரம்பை 25 ஆயிரத்திலிருந்து 5 லட்சமாக்கினார்கள். உச்சவரம்பைத்தான்! குறைந்தது இவ்வளவு என்று எழுதவில்லை. என்னைக் கேட்டால் ஓட்டை அங்கேதான். அதே மான் சரணாலயத்துக்குள் விழுந்திருந்தால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7. பணம் கட்டித் தப்ப முடியாது.

ஷர்மிளா: உடும்புக்கும் இப்படித்தானா?

பதில்: இல்லைம்மா. உடும்பு முதல் அட்டவணை. வெளியே பிடித்தாலும் அதே 3 முதல் 7 ஆண்டுதான். தெரியாமல் சமைத்து வீடியோ போட்டு மாட்டுகிறவர்கள் உண்டு.

சதீஷ்: அப்படின்னா ஏன் பெரும்பாலும் யாரும் உள்ளே போறதில்லை?

பதில்: தீர்ப்பு வந்தால்தானே தண்டனை! போலீஸ் குற்றப்பத்திரிகையை வைத்து கோர்ட் இந்த வழக்கை எடுக்காது. வன அதிகாரி புகார் மனு தாக்கல் செய்ய வேண்டும். அப்படி வரும் வழக்கில் நீதிபதி குற்றச்சாட்டு வனைவதற்கு (இன்ன குற்றம் என்று முறையாகப் பதிவு செய்வதற்கு) முன்பே சாட்சி விசாரணை, பிறகு அதே சாட்சிகளுக்குக் குறுக்கு விசாரணை. அதற்குள் வனக்காப்பாளர் மாற்றலாகிப் போயிருப்பார். மகஜரில் (பறிமுதல் செய்யும்போது எழுதும் பதிவில்) கையெழுத்துப் போட்ட சாட்சி, "வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினாங்க" என்பார். கறி மாதிரிப் பொட்டலத்தின் சீல் மகஜரில் ஒன்று, லேப் அறிக்கையில் வேறொன்று என்றால் எதிர்த்தரப்புக்கு அதுவே போதும். ஜோத்பூர் வெளிமான் வழக்கைப் பாருங்கள்: வேட்டை 1998இல், தீர்ப்பு 2018இல். 5 ஆண்டு சிறை பெற்ற சல்மான் கான் இரண்டே நாளில் ஜாமீனில் வந்தார்.

அந்தோணி: திரும்பத் திரும்ப மாட்டுறவனுக்கு?

பதில்: புலிகள் காப்பகத்தில் வேட்டையாடி இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது 7 ஆண்டு, அபராதம் 5 லட்சத்திலிருந்து 50 லட்சம் வரை. ஆனால் முதல் வழக்கே முடியாவிட்டால் 'இரண்டாம் முறை' எங்கிருந்து வரும்?

கலா: வனத்துறை அசையாவிட்டால் நாங்களே வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், 55ஆம் பிரிவில் வழி இருக்கிறது. முதலில் 60 நாள் நோட்டீஸ் கொடுங்கள். தேதி, இடம் தெரியும் படங்களை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள்.