வாளையார் தாண்டி வந்த அபராதம்: கட்டுவதா, எதிர்ப்பதா?

பொள்ளாச்சி எண் உள்ள உங்கள் காருக்கு, வாளையார் எல்லை தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோடு அருகே அதிவேகம், அபராதம் என்று செய்தி வந்திருக்கிறது. தமிழ்நாட்டு வண்டிதானே, விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். விடாதீர்கள். சலான், அதாவது அபராதச் சீட்டு, நாடு முழுவதற்குமான ஒன்றிய அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஏறிவிடும். பின்னால் வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்தில் வந்து நிற்கும்.

முதலில் அது உண்மைச் சலான்தானா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்போடு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்திருந்தால் மோசடி, தொடவே வேண்டாம். பரிவாகன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணையும், சேசிஸ் அல்லது எஞ்சின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கொடுத்துத் தேடுங்கள்.

சலான் இருந்தால் படத்தை நிதானமாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் பலகை உங்களுடையதுதானா? நாளும் நேரமும் பொருந்துகிறதா? 8 என்பதை 3 என்று படித்து யாருடைய பாவமோ நம் தலையில் விழுவதுண்டு. அப்படியானால் அதே தளத்தில் புகார் பதியலாம். அந்த நேரத்தில் வண்டி வேறிடத்தில் நின்றதற்குச் சான்று, ஒரு பெட்ரோல் ரசீது இருந்தாலும், சேர்த்து அனுப்புங்கள்.

படம் உங்கள் வண்டிதான் என்றால், என் கருத்து: கட்டிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183ஆம் பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரைதான். கட்டாமல் கிடந்தால் இணையவழி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் கட்டலாம், எதிர்க்கலாம். எதிர்த்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும்; பாலக்காட்டுக்கு நாலு நடை அலைந்தால் டீசலும் ஒரு நாள் கூலியும் அபராதத்தைத் தாண்டிவிடும்.