சீக்கிரம் பருவமடையும் பிள்ளைகளுக்கு மூளை ஸ்கேன் எதற்கு? கேள்வி பதில்

குழந்தைகளின் மூளை ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரியும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்ற கடைசி முடிவு பிள்ளையைத் தொட்டுப் பார்த்த டாக்டருடையது. நான் பார்ப்பது படத்தை மட்டும்தான்.

கேள்வி: என் மகளுக்கு ஏழரை வயது. மார்பு வளர ஆரம்பித்திருக்கிறது. தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். மார்புக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம், டாக்டர்?

பருவமடைதலின் சுவிட்சே தலைக்குள்தான் இருக்கிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் விட்டு விட்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். அதற்குக் கீழே பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, அந்தத் தூண்டுதலால் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் என்ற இரண்டை ரத்தத்தில் விடும். அவை போய்ச் சினைப்பையையோ விதைகளையோ எழுப்பிவிடும். குழந்தைப் பருவம் முழுக்க மூளை இந்தச் சுவிட்சை அமுக்கியே வைத்திருக்கிறது. அந்தப் பிடி பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ, ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ தளர்ந்தால் ஏன் என்று பார்க்கிறோம்.

ஆனால் எல்லாமே மூளையிலிருந்துதான் தொடங்கும் என்றில்லை. சினைப்பையோ அட்ரினல் சுரப்பியோ தானாகவே ஹார்மோனைக் கொட்டலாம். பெரியவர்கள் பூசிக்கொள்ளும் ஹார்மோன் க்ரீம் பிள்ளையின் தோலில் படுவதால்கூட இப்படி வரும். அப்போது தலையைப் படம் எடுத்து ஒரு பயனும் இல்லை. அதனால்தான் முதலில் ரத்தத்தில் எல்ஹெச் பார்க்கிறார்கள், இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிக்கிறார்கள். சுவிட்சு தலையில்தான் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே எம்ஆர்ஐ பேச்சு வர வேண்டும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 7 வயது. ரத்தப் பரிசோதனையில் மூளையிலிருந்துதான் என்று உறுதியாகிவிட்டது. ஒரு டாக்டர் எம்ஆர்ஐ கட்டாயம் என்கிறார், இன்னொருவர் தேவையில்லை என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 6 வயதுக்கு முன் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு எடுத்தே ஆக வேண்டும், அதில் தகராறு இல்லை. 6 முதல் 8 வரைதான் இழுபறி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த கணக்கு ஒன்றின்படி, 6 வயதுக்குள் தொடங்கிய பெண் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 25 பேரின் மூளையில் ஏதோ ஒன்று தென்பட்டது. 6 வயதைத் தாண்டியவர்களில் அது வெறும் 3. அந்த மூன்றை விடக் கூடாது என்பது ஒரு தரப்பு. மூன்றுக்காக மீதி 97 பேரை மயக்க மருந்துக்கும் வீண் பயத்துக்கும் ஆளாக்குவானேன் என்பது மறு தரப்பு.

தராசைச் சாய்ப்பவை வேறு சில. காலையில் தலைவலியோடு வாந்தி, பார்வைக் குறைவு, வலிப்பு, அடங்காத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர், உடலில் காப்பி நிறத் திட்டுகள், முன்பு தலைக்குக் கதிர்வீச்சு சிகிச்சையோ மூளைக்காய்ச்சலோ, சில மாதங்களிலேயே கிடுகிடுவென்று முன்னேறும் பருவ மாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் எத்தனை வயது என்று யோசிக்காமல் எடுங்கள். ஒன்றுமே இல்லை, மாற்றமும் மெதுவாகத்தான் போகிறது, வயதும் எட்டை நெருங்குகிறது என்றால், காத்திருக்கலாம் என்ற டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அறிகுறி இல்லை என்பது முழு உத்தரவாதம் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: மகனுக்கு எட்டரை வயது. வயது வரம்பை ஒட்டித்தானே இருக்கிறான், விட்டுவிடலாமா?

வேண்டாம். மூளையிலிருந்து தொடங்கியது என்று உறுதியானால் ஆண் பிள்ளைக்கு எந்த வயதானாலும் எம்ஆர்ஐ உண்டு. பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் காரணமே கிடைக்காது. ஆண் பிள்ளைகளில் ஏதாவது கிடைக்கும் வாய்ப்பு கூடுதல்.

டாக்டர் முதலில் அளந்து பார்ப்பது விதைகளின் அளவை. இரண்டும் 4 மில்லிலிட்டரைத் தொட்டிருந்தால் மூளையின் வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். முடியும் உடல் வாடையும் வந்திருக்கிறது, விதை மட்டும் சின்னதாகவே இருக்கிறது என்றால் கவனம் அட்ரினல் பக்கம் போகும். ஒரு விதிவிலக்கு உண்டு. மூளையில் வரும் ஜெர்ம் செல் கட்டிகள் சில ஹெச்சிஜி என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எல்ஹெச் மாதிரியே வேஷம் போட்டு விதையைத் தூண்டிவிடும். விதை அவ்வளவாகப் பெரிதாகாது, ஆனால் மற்ற மாற்றமெல்லாம் வரும். ஆகவே ரத்தத்தில் ஹெச்சிஜியும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சினைப்பை விழிக்க எஃப்எஸ்ஹெச்சும் வேண்டும் என்பதால் பெண் பிள்ளைகளிடம் இந்த வேஷம் அநேகமாகப் பலிக்காது.

கேள்வி: நான்கு வயதுப் பையன். ரிப்போர்ட்டில் ‘ஹைப்போதலாமிக் ஹாமர்டோமா’ என்று இருக்கிறது. கட்டி என்கிறார்கள். மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஆபரேஷன் செய்தாக வேண்டுமா?

அந்தப் பெயரைப் பார்த்து இடிந்துபோகாத பெற்றோரை நான் கண்டதில்லை. ஆனால் சின்ன வயதில் மூளையிலிருந்து தொடங்கும் பருவமடைதலுக்குக் கிடைக்கும் காரணங்களில் அடிக்கடி வருவது இதுதான். இது புற்றுநோய் இல்லை. கருவிலேயே, சாதாரண நரம்புத் திசு இருக்க வேண்டிய இடம் மாறி ஒரு சின்னத் திரளாகத் தங்கிவிட்டது, அவ்வளவுதான். வேறு இடத்துக்குப் பரவாது. மூளையோடு சேர்ந்து வளருமே தவிர, தனியாகப் பெருக்காது. படத்தில் பக்கத்துச் சாம்பல் நிற மூளைத் திசுவின் சாயலிலேயே இருக்கும், படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினாலும் ஒளிராது. ஒளிர்ந்தாலோ, அடுத்த படத்தில் பெரிதாகியிருந்தாலோ, நாங்கள் வைத்த பெயரே தப்பு என்று திரும்ப யோசிப்போம்.

பருவ மாற்றம் மட்டும்தான் பிரச்சினை என்றால் கத்தி எடுக்கத் தேவையில்லை. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடும் ஊசி, பிட்யூட்டரியை அடக்கி, மாற்றத்தை அப்படியே நிறுத்திவைக்கும். உரிய வயதில் ஊசியை நிறுத்தினால் பருவம் மறுபடி தொடங்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பையன் காரணமே இல்லாமல் திடீரென்று சிரிக்கிறானா? சந்தோஷமில்லாத, எந்திரம் மாதிரியான சிரிப்பு, சில நொடிகள், பிறகு ஒன்றும் நடக்காதது போல இருப்பது. அது வலிப்பின் ஒரு வகை. காம்பு மாதிரி கீழே தொங்கும் ஹாமர்டோமா பெரும்பாலும் பருவத்தைத் தூண்டும். ஹைப்போதலாமஸுக்குள்ளேயே அகலமாகப் பதிந்திருப்பதுதான் வலிப்பைக் கூடுதலாகக் கொண்டுவரும். சந்தேகம் வந்தால் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். சிரிப்பு வலிப்பில் தலைக்கு மேல் வைத்து எடுக்கும் இஇஜி என்ற மூளை மின்பதிவு சில சமயம் நார்மலாகவே வரும். வீடியோ பேசும்.

கேள்வி: மகளின் ரிப்போர்ட்டில் ‘பிட்யூட்டரி பருத்துள்ளது, மேல்விளிம்பு குவிந்துள்ளது’ என்று இருக்கிறது. கட்டியா?

அநேகமாக இல்லை. பருவமடையும்போது பிட்யூட்டரி புடைத்துக்கொள்வது இயல்பு. சின்னப் பிள்ளையிடம் சுமார் 6 மில்லிமீட்டர் உயரத்துக்குள் இருப்பது, பருவ வயதுப் பெண்ணிடம் 10 வரை போகலாம். உங்கள் மகளின் உடலுக்குப் பருவம் வந்துவிட்டதே, சுரப்பிக்கு மட்டும் வயது தெரியுமா? எழுதுகிறவர் பிள்ளையின் வயதை மட்டும் பார்த்துவிட்டு, எதற்காகப் படம் எடுத்தார்கள் என்பதைப் படிக்காமல் விட்டால் இப்படி ஒரு வரி விழுந்துவிடும். எங்கள் தொழிலின் குறை இது, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது. நெடுநாள் கவனிக்காமல் விட்ட கடுமையான தைராய்டு குறைபாட்டிலும் பிட்யூட்டரி வீங்கும், பருவ மாற்றமும் முந்தி வரும். அடையாளம் என்னவென்றால், சீக்கிரம் பருவமடைகிற மற்றப் பிள்ளைகள் மடமடவென்று உயரும்போது இந்தப் பிள்ளை உயராமல் நிற்கும், எலும்பு வயதும் பின்தங்கியிருக்கும். கட்டி என்று நினைத்து ஆபரேஷன் வரை போய்விடக் கூடாது. தைராக்சின் மாத்திரையிலேயே அது சுருங்கிவிடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச் பார்த்தாயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ‘பினியல் சிஸ்ட், 5 மி.மீ.’ என்று ஒரு வரி. இதுதான் காரணமா?

இல்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களைப் படம் எடுத்தாலும், மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பியில் அடிக்கடி தட்டுப்படும் சின்ன நீர்ப்பை அது. தேவையில்லாமல் ஸ்கேன் எடுக்கக் கூடாது என்பவர்கள் பயப்படுவது இந்த மாதிரி வரிகளுக்குத்தான்.

கேள்வி: எம்ஆர்ஐக்குப் பதில் சிடி ஸ்கேன் எடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே?

முடியும். ஆனால் கதிர்வீச்சு உண்டு, ஹைப்போதலாமஸ் பகுதியில் சின்ன ஹாமர்டோமாவைத் தவறவிடவும் செய்யும். எம்ஆர்ஐயில் கதிர்வீச்சே கிடையாது.

கேள்வி: கான்ட்ராஸ்ட் ஊசி மூளையில் தங்கிவிடும் என்று படித்தேன். போடலாமா?

காடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து அது. மீண்டும் மீண்டும் போட்டுக்கொண்டவர்களின் மூளையில் சிறிதளவு தங்குவது 2014-இல் தெரியவந்தது. அதனால் தீங்கு விளைந்ததாக நிரூபணம் இல்லை. ஆனாலும் 2017-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அதிகம் தங்கும் ‘நீள் வடிவ’ வகைகள் பலவற்றை நிறுத்திவைத்தது. ‘வளைய வடிவ’ வகைகள் குறைவாகவே தங்கும். ஒரே ஒரு தடவை, கட்டி இருக்கிறதா என்று தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றால் நான் போடச் சொல்வேன். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அவள் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். மயக்கம் கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமா?

ஆறேழு வயதுப் பிள்ளைகள் பலர் மயக்கமில்லாமலே படுத்துவிடுகிறார்கள். சத்தம்தான் அவர்களை மிரட்டுவது. எம்ஆர்ஐ சத்தத்தின் பதிவை முந்தின நாளே போட்டுக் காட்டுங்கள், சிலை விளையாட்டு விளையாடிப் பழக்குங்கள். அரை மணி நேரம் ஆகும் என்பதை மறைக்காதீர்கள். அவளுடைய தலைமாட்டில் நீங்கள் உட்கார முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மூன்று நான்கு வயதென்றால் மயக்கம் தேவைப்படலாம். அப்போது வெறும் வயிறு விதியை அவர்கள் சொன்ன மணிக்கணக்குப்படியே கடைப்பிடியுங்கள். அழுகிறதே என்று கொடுக்கும் ஒரு வாய் பால்கூட ஆபத்து.

கேள்வி: என் கணவருக்கும் சின்ன வயதிலேயே மீசை வந்ததாம். பரம்பரையாக இருக்குமா?

இருக்கலாம். எம்கேஆர்என்3 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் இப்படி நடக்கும் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடமிருந்து வரும் பிரதிதான் வேலை செய்யும், அம்மா தரும் பிரதி தூங்கியே கிடக்கும். அதனால் அப்பா வழியில்தான் இறங்கும். சில சமயம் அப்பாவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரிந்திருக்காது, அவருடைய அம்மாவிடமிருந்து பெற்று அமைதியாகப் பிள்ளைக்குக் கடத்தியிருப்பார். இந்த விவரத்தை டாக்டரிடம் சொன்னால் ஸ்கேன் முடிவுக்கும் உதவும்.

கேள்வி: முதல் ஸ்கேன் நார்மல். வருடா வருடம் எடுக்க வேண்டுமா? அடுத்த டாக்டரிடம் ரிப்போர்ட் மட்டும் கொண்டுபோனால் போதுமா?

புதிதாகத் தலைவலியோ பார்வைக் கோளாறோ வராதவரை மறுபடி எடுக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் பதிந்திருக்கும் குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பிட்யூட்டரியின் உயரத்தை நானே மறுபடி அளந்து பார்ப்பேன், இன்னொருவர் எழுதியதை வைத்து அளக்க முடியாது. இதுவரை குறித்துவைத்த உயர அளவுகள் இருந்தால் அவற்றையும் அந்தத் தகட்டின் உறைக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.