தலையில் அடிபட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகணுமா? கேஷுவாலிட்டி டாக்டரிடம் கேளுங்கள்

(பதில் சொல்பவர்: அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், படிக்க மாட்டேன்.)

திருப்பூர்: பைக்கிலிருந்து விழுந்த தம்பி கொஞ்சம் குழம்பிப் பேசினான். ஸ்கேன் எடுக்காமல் நாலு மணி நேரம் படுக்க வைத்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அலட்சியம்தானே?

படுக்க வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான். இதற்கென்று 2001-ல் கனடாவில் வகுத்த விதி ஒன்று உண்டு. அடிபட்டு 2 மணி நேரமாகியும் முழுத் தெளிவு வரவில்லையா? இரண்டு முறையாவது வாந்தி எடுத்தாரா? வயது 65 ஆகிவிட்டதா? கண்ணைச் சுற்றிக் கருத்திருக்கிறதா, மூக்கிலோ காதிலோ நீர் வடிகிறதா? ஒன்று இருந்தாலும் ஸ்கேன். விழுவதற்கு முந்தைய அரை மணி நேரம் மறந்து போயிருந்தாலும், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டிருந்தாலும் எடுப்பதை யோசிப்போம். எதுவும் இல்லையென்றால் பார்த்துக்கொண்டால் போதும். வார்ஃபரின் போல ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்த விதி பொருந்தாது. அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். தம்பி குடித்திருந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. போதை தெளிந்தால் சரியாகிவிடும் என்று விடுவதுதான் எனக்குப் பயம்.

மதுரை: அப்பாவுக்கு வாய் கோணி, கை விழுந்துவிட்டது. ஸ்கேன் நார்மல் என்று சொல்லிவிட்டு பக்கவாத ஊசியும் போட்டார்கள். எப்படி?

சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். அந்த ஸ்கேன் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய. கசிவு படத்தில் உடனே வெள்ளையாகத் தெரியும். அடைப்பால் சேதமாகும் பகுதி முதல் சில மணி நேரம் தெரியாமலே போகலாம். கசிவு இல்லையென்றால்தான் அடைத்திருக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அதுவும் 4.5 மணி நேரத்துக்குள். இந்த நிலையில் வீட்டில் யாரும் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். நெஞ்சு வலிக்குக் கேள்விப்பட்டதை இங்கே கொண்டுவந்து, கசிவுள்ளவருக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

சேலம்: ஒன்றரை வயதுக் குழந்தை கட்டிலிலிருந்து விழுந்தது. மாமியார் ஸ்கேன் எடு என்கிறார்.

மயங்கியதா, நெற்றி தவிர வேறு இடத்தில் வீங்கியிருக்கிறதா, மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா என்று பார்ப்போம். "குழந்தை வழக்கம் போல இல்லை" என்று பெற்றவர்கள் சொல்வதும் குழந்தைகளுக்கென்று உள்ள தனி விதியிலேயே இருக்கிறது. எதுவானாலும் ஒருமுறை நேரில் காட்டுங்கள்.

ஈரோடு: ரேடியேஷன் எவ்வளவு?

தலைக்குச் சுமார் 2 மில்லிசீவர்ட். சும்மா இருந்தாலும் இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் ஏறக்குறைய அவ்வளவு வரும். வயிற்றுக்கு 8, 10 வரை போகும்.

கோவை (நானும் டாக்டர்தான்): விதியெல்லாம் சரி சார். விட்டுப்போன ஒரு கேஸுக்காக நுகர்வோர் நீதிமன்றத்தில் நிற்கப்போவது யார்? எல்லோருக்கும் எடுத்துவிடலாம்.

அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது கேஸ் ஷீட். எத்தனை மணிக்கு நினைவு எப்படி இருந்தது, என்ன சொல்லி வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களா? காலையில் நார்மலாக வந்த ஸ்கேனை நம்பி, மாலையில் வாந்தி எடுப்பவரைக் கவனிக்காமல் விட்டால் அந்தப் படமே உங்களுக்கு எதிர்சாட்சி.

கோவை: எழுத ஆள் வேண்டாமா? எங்களிடம் ராத்திரியில் மொத்த வார்டுக்கும் ஒரே நர்ஸ்.

அப்படியானால் எடுங்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் அது நியாயம். ஆனால் காரணம் ஆள் பற்றாக்குறை என்று நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். நோயாளியின் தலைமேல் போடாதீர்கள்.

திருச்சி: அப்படி எழுதினால் வேலை போய்விடும், சார்.

இருவர் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

கரூர்: ரேடியேஷன் எவ்வளவு?

மேலே.

தஞ்சை: கர்ப்பிணிக்குத் தலை ஸ்கேன்?

தேவையென்றால் எடுக்கலாம். கருவுக்குப் போவது மிகமிகக் குறைவு. வயிற்று வலி என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட்.

நெல்லை: மாமாவுக்கு இப்போதுதான் பேச்சு குழறுகிறது. ஆஸ்பிரின் கொடுத்துவிட்டு நாளைக்கு ஸ்கேனுக்குக் கூட்டிப் போகலாமா?

கொடுக்காதீர்கள். நாளைக்கு அல்ல, இப்போதே 108-ஐக் கூப்பிடுங்கள். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு, சி.டி. இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள். இங்கே பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.