கேள்வி பதில்: கண்ணெதிரே பந்தை ஒளிக்கும் ஓட்டங்கள்

அமெரிக்கன் ஃபுட்பாலில் புரியாததைக் கேளுங்கள் என்று சொன்னாலும் சொன்னேன், முக்கால்வாசிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இவ்வளவு பெரிய ஆட்கள், இவ்வளவு பயிற்சி, அப்புறம் எப்படி பந்தை வைத்திருப்பவன் எதிர்ப்பக்கம் ஓடுவதுகூடத் தெரியாமல் பதினொரு பேரும் கோட்டை விடுகிறார்கள்? நான் டெக்சாஸில் ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்பு அணிக்கு டிஃபென்ஸ் பக்கம், அதாவது எதிரணியைத் தடுக்கும் பக்கம், உதவிப் பயிற்சியாளன். சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் உண்டு. அதாவது, ஏமாறுகிற கட்சி நான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு அடிப்படையே தெரியாது. ரெண்டு வரியில் சொல்லிவிட்டு ஆரம்பியுங்களேன்.

பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, ஒவ்வொன்றுக்கும் பெயர் டவுன். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் புதிதாக இன்னொரு நான்கு. ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் கைக்குப் பந்து வந்ததும் அவர் எறியலாம், இல்லை ரன்னிங் பேக்கிடம் கொடுத்து ஓடச் சொல்லலாம். எறியப் போகிறாரா, ஓட்டமா என்று எதிரணி ஒரு வினாடிக்குள் முடிவு செய்தாக வேண்டும். அந்த ஒரு வினாடியை வைத்துத்தான் இந்தப் பித்தலாட்டம் எல்லாம்.

கேள்வி: பந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏமாறவே முடியாதே? அவ்வளவு பெரிய பந்து.

டிவியில் மேலிருந்து பார்க்கிற நமக்கு அப்படித்தான் தோன்றும். தரையில் நிற்கும் லைன்பேக்கரின் (டிஃபென்ஸில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவன்) முன்னால் ஆளுக்கு 130, 140 கிலோ எடையில் ஒரு சுவரே நிற்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் நடக்கும் கைமாற்றம் அவன் கண்ணில் பாதிதான் படும். அதனால் பந்தைப் பார்க்காதே என்றுதான் நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். எதிரே நிற்கும் கார்டைப் பார் என்போம் (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை ஆட்கள்தான் லைன்மேன்கள்; நடுவில் நின்று குவாட்டர்பேக்குக்குப் பந்தைக் கொடுக்கும் சென்டருக்கு இரண்டு பக்கமும் நிற்பவன் கார்டு). கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம். பின்வாங்கி நிமிர்ந்து கையை நீட்டினால் எறியப் போகிறார்கள். பக்கவாட்டில் கழன்று ஓடினால், நீயும் அவன் பின்னாலேயே ஓடு. இவ்வளவுதான் பாடம். பத்து நாளில் பன்னிரண்டு வயதுப் பையனுக்கே இது அனிச்சையாகிவிடும்.

ஆகிவிட்டதல்லவா, அதுதான் எதிரணிக்குத் தீனி. எதுவும் படிக்காமல் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறவனை ஏமாற்றுவது ரொம்பக் கஷ்டம், அவன் எங்கேயும் போகமாட்டான். பாடத்தை ஒழுங்காகப் படித்து, அடையாளத்தைப் பார்த்தவுடன் பாய்கிறானே, அவனைத்தான் இந்த ஆட்டங்கள் குறிவைக்கின்றன.

சின்ன உதாரணம், கவுண்டர் என்ற ஓட்டம். வலப்பக்க லைன்மேன்கள் எல்லோரும் இடப்பக்கமாகச் சரிந்து தள்ளுவார்கள். ரன்னிங் பேக்கும் முதல் அடியை இடப்பக்கம் எடுத்து வைப்பான். பார்க்கிற எவனும் இடப்பக்க ஓட்டம் என்றுதான் நினைப்பான். ஆனால் இடப்பக்க கார்டும், அவனுக்கு அடுத்து வெளியே நிற்கும் டேக்கிளும் கழன்று வலப்பக்கம் போய்க்கொண்டிருப்பார்கள், அடுத்த அடியில் ரன்னிங் பேக் திரும்பி அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வான். 1980களில் வாஷிங்டன் அணிக்கு இதுதான் கைவந்த கலை. 1988 ஜனவரி சூப்பர் பவுலில் (தொழில்முறை லீக்கின் இறுதிப் போட்டி) டிம்மி ஸ்மித் என்ற முதல் வருட ஆட்டக்காரர் டென்வருக்கு எதிராக 204 யார்டு ஓடினார், சூப்பர் பவுல் சாதனையாக அது இன்னும் நிற்கிறது. ஆட்டம் 42-10. ரன்னிங் பேக்கின் காலைப் பார்த்தவன் இதில் தொலைந்தான், கார்டைப் பார்த்தவன் பிழைத்தான்.

கேள்வி: சரி, அந்தக் கார்டே பொய் சொன்னால்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அதற்குப் பெயர் டிரா.

மூன்றாவது டவுன், இன்னும் 12 யார்டு வேண்டும் என்று வையுங்கள். எறிவார்கள் என்று அரங்கத்தில் கடலை விற்கிறவருக்குக்கூடத் தெரியும். டிஃபென்ஸின் முன்வரிசைக்குக் குவாட்டர்பேக்கைப் பிடிப்பது ஒன்றுதான் குறி, கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள். லைன்பேக்கர்கள், எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை மறிக்கப் பின்னால் போவார்கள். கார்டும் நிமிர்ந்து கையை நீட்டிப் பின்வாங்குகிறான், பாடப் புத்தகத்தில் இருக்கிறபடி. குவாட்டர்பேக் பின்னால் மூன்று எட்டு வைத்து, தூரத்தில் ரிசீவரைத் தேடுவதுபோலத் தலையைத் தூக்கிப் பார்க்கிறார். ரன்னிங் பேக் யாரையோ தடுக்க நிற்பதுபோலச் சும்மா நிற்கிறான்.

இப்போது நடுவில் பாருங்கள். முன்வரிசை பக்கங்களில் கடந்து போய்விட்டது. லைன்பேக்கர்கள் ஏழெட்டு யார்டு பின்னால். மைதானத்தின் நட்ட நடுவில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு தெரு. குவாட்டர்பேக் போகிற போக்கில் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைத்துவிட்டுப் போகிறார். பாய்ந்து வருகிறவனை லைன்மேன் நிறுத்தக்கூட வேண்டாம், அவன் எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறானோ அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும். அவன் வேகமே அவனைக் காணாமல் போகச் செய்துவிடும்.

இதில் உயிர்நாடி நேரம். பந்தை ஒரு நொடி முன்னால் கொடுத்தால் லைன்பேக்கர்கள் இன்னும் பின்வாங்கியிருக்கமாட்டார்கள். அரை நொடி தாமதித்தால் குவாட்டர்பேக் தரையில், பந்து எங்கேயோ. இது பிறந்த கதையும் அப்படித்தான்: கிளீவ்லேண்ட் பிரவுன்ஸின் குவாட்டர்பேக் ஆட்டோ கிரஹாம் எறியப் போய், ஆட்டம் குழம்பி, தன்மேல் ஆட்கள் பாய்வதைப் பார்த்து வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த மேரியன் மாட்லியிடம் பந்தைத் திணித்தார், மாட்லி காலி இடத்தில் ஓடிவிட்டார், பயிற்சியாளர் பால் பிரவுன் அதையே ஒரு திட்டமாக ஆக்கிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கேள்வி: ரிவர்ஸ், எண்ட் அரவுண்ட் இரண்டும் ஒன்றுதானே சார்? வர்ணனையாளர்கள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்.

அவர்கள் தப்பாகச் சொல்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் ரிசீவர் உள்ளே ஓடிவந்து குவாட்டர்பேக்கிடம் நேராகப் பந்தை வாங்கிக்கொண்டு மறுபக்கம் போனால் எண்ட் அரவுண்ட். முதலில் ரன்னிங் பேக் பந்தோடு ஒரு பக்கம் ஓடி, எதிரே வருகிற ரிசீவரிடம் அதைக் கைமாற்றி, ஆட்டமே திசை திரும்பினால்தான் ரிவர்ஸ்.

ரிவர்ஸில் ஏமாறுவது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடம் முன்பு, எங்கள் இடப்பக்க டிஃபென்சிவ் எண்ட் (தடுக்கும் முன்வரிசையின் ஓரத்து ஆள்) ஒரு துடிப்பான பையன். அன்று எதிரணி மறுபக்கமே ஓடிக்கொண்டிருந்தது. ஓரமாகச் சுற்றி ஓடும் ஒரே ஸ்வீப்பை ஐந்து தடவை ஓடினார்கள், இவன் ஐந்து தடவையும் பின்னாலிருந்து குறுக்கே துரத்திப் போனான், இரண்டு தடவை பிடித்தும் விட்டான். நானும் கத்திக் கத்திப் பாராட்டினேன். ஆறாவது தடவை அதே ஸ்வீப், அதே துரத்தல். இவன் நடுவைத் தாண்டும்போது எதிரே ஒரு ஒல்லிப் பையன் இவனைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு மறுபக்கம் போனான். கையில் பந்து. எங்கள் பையன் நின்று, திரும்பி, தான் கிளம்பிய இடத்தைப் பார்த்தான். அந்த இடத்தில் புல் மட்டும்தான் இருந்தது. 60 யார்டு, பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டி டச் டவுன். அவன் தப்பு பாதி, அந்த ஐந்து தடவையும் கைதட்டின என் தப்பு பாதி. முதல் ஐந்து ஸ்வீப்பும் ஆறாவதற்கான தூண்டில் புழு என்பது எனக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

கேள்வி: நீங்கள் பார்த்ததிலேயே பிரமாதமான ஏமாற்று எது?

யோசிக்கவே வேண்டாம். 2007 ஜனவரி 1, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல், பாய்ஸி ஸ்டேட் எதிர் ஓக்லஹோமா. கல்லூரி ஆட்டம்தான். ஓக்லஹோமா பெரிய இடத்துப் பிள்ளை, பாய்ஸி ஸ்டேட் ஐடஹோவிலிருந்து வந்த சின்ன அணி. 18 வினாடி பாக்கி, 7 புள்ளி பின்தங்கி, நான்காவது டவுன், 18 யார்டு வேண்டும். பாய்ஸி ஸ்டேட் எறிந்தது, பிடித்தவர் தன்னை எல்லோரும் சூழும் நேரத்தில் குறுக்கே ஓடிவந்தவரிடம் பந்தைத் தட்டிவிட்டார், 50 யார்டு டச் டவுன், சமன். கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் முயற்சியிலேயே 25 யார்டு ஓடி டச் டவுன் போட்டார். பாய்ஸி ஸ்டேட்டும் போட்டது, அதுவும் இன்னொரு தந்திரத்தால். ஓக்லஹோமா 42, பாய்ஸி ஸ்டேட் 41.

டச் டவுனுக்குப் பிறகு கிடைக்கும் வாய்ப்பில் ஒரு புள்ளிக்கு உதைத்து, சமன் செய்து ஆட்டத்தை நீட்டியிருக்கலாம். பயிற்சியாளர் கிரிஸ் பீட்டர்சன் (அவர் தலைமைப் பயிற்சியாளரான முதல் சீசன் அது) இரண்டு புள்ளிக்குப் போனார். 3 யார்டு தூரம், ஒரே முயற்சி, வாழ்வா சாவா.

வலப்பக்கம் மூன்று ரிசீவர்கள். குவாட்டர்பேக் ஜேரட் ஸப்ரான்ஸ்கி பந்தை வாங்கிப் பின்வாங்கி, வலப்பக்கம் பார்த்து, வலது கையை ஓங்கி எறிகிறார். மொத்த டிஃபென்ஸும் அங்கே சாய்கிறது. கையில் பந்து இல்லை. அது இடது கையில், முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ரன்னிங் பேக் இயன் ஜான்சன் பின்னாலிருந்து வந்து, ஜன்னலில் வைத்த சாவியை எடுப்பதுபோல அதை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடி உள்ளே போய்விட்டார். 43-42. பெயர் ஸ்டாச்யூ ஆஃப் லிபர்ட்டி, கையைத் தூக்கி நிற்பதால். பழைய காலத்து வித்தை. அன்று பலித்ததற்குக் காரணம், முந்தைய பத்து நிமிடத்தில் பாய்ஸி ஸ்டேட் இரண்டு தடவை எறிந்தே கழுத்தறுத்திருந்தது. மூன்றாவது தடவையும் எறிதலுக்குப் பயப்படாதவன் மனிதனே இல்லை. ஜான்சன் அதே மைதானத்தில் சியர்லீடரான தன் காதலியிடம் கல்யாணம் கேட்டதும் அன்றுதான், அது உபரி.

கேள்வி: இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா? விளையாட்டில் நேர்மை வேண்டாமா?

போக்குக் காட்டுவது எல்லா விளையாட்டிலும் உண்டு. எல்லைக்கோடு எங்கே என்பதை அவ்வப்போது விதிப்புத்தகம் திருத்திக்கொள்ளும். 1903இல் கார்லைல் பள்ளியின் பூர்வகுடி மாணவர்கள் ஹார்வர்டுக்கு எதிராக உதைத்து வந்த பந்தைப் பிடித்து, சார்லி டில்லனின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிவிட்டார்கள், அதற்கென்றே எலாஸ்டிக் வைத்துத் தைத்த சட்டை. மற்றவர்கள் எல்லோரும் வயிற்றில் எதையோ மறைப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் ஓட, டில்லன் வெறுங்கையை வீசிக்கொண்டு நேராக ஓடிக் கோட்டைத் தாண்டினார். ஆட்டத்தை ஹார்வர்டு 12-11 என்று ஜெயித்தது, ஆனால் அந்த ஸ்கோரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? இன்று அப்படிச் சட்டைக்குள் ஒளித்தால் விதிமீறல்.

இன்னொன்று ஃபம்பிள்ரூஸ்கி. 1984 ஆரஞ்சு பவுலில் நெப்ராஸ்கா குவாட்டர்பேக் டர்னர் கில் பந்தை வேண்டுமென்றே தரையில் வைத்துவிட்டு மற்றவர்களோடு வலப்பக்கம் போனார், கார்டு டீன் ஸ்டைன்குலர் அதை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் 19 யார்டு ஓடி டச் டவுன். ஜெயித்தது மயாமி, 31-30. 1992 சீசனுக்குப் பிறகு கல்லூரி ஆட்டத்தில் இதைத் தடை செய்துவிட்டார்கள். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான், லைன்மேனுக்குப் பந்து கிடைப்பதே அபூர்வம்.

கேள்வி: இவ்வளவு நன்றாக வேலை செய்தால் தினமும் இதையே ஆடலாமே?

2008 செப்டம்பர் 21, மயாமி டால்ஃபின்ஸ் வைல்ட்கேட் என்ற அமைப்போடு நியூ இங்கிலாந்துக்குப் போனது. குவாட்டர்பேக்கை ஓரத்துக்கு அனுப்பிவிட்டு ரன்னிங் பேக் ரானி பிரவுனே நேராகப் பந்தை வாங்கினார். எதிரே ஓடிவரும் ஆளிடம் கொடுப்பதுபோலக் காட்டி, சிலசமயம் கொடுத்து, சிலசமயம் தானே வைத்துக்கொண்டு ஓடினார். அன்று நான்கு டச் டவுன் ஓடி, ஒன்று எறிந்தும் கொடுத்தார். 38-13. வழக்கமான சீசன் ஆட்டங்களில் 21 தொடர் வெற்றியோடு இருந்த அணி நியூ இங்கிலாந்து. அப்புறம் பாதி லீக் வைல்ட்கேட்டைக் காப்பியடித்தது, எல்லா டிஃபென்ஸும் வீடியோவைப் போட்டு உட்கார்ந்து படித்தது, கொஞ்ச காலத்தில் பாச்சா பலிக்காமல் போனது.

கேள்வி: சொதப்பியது ஏதாவது?

2015 அக்டோபரில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ். நான்காவது டவுன், 3 யார்டு. கிட்டத்தட்ட எல்லோரும் திடீரென்று வலப்பக்க ஓரத்துக்குப் போய்விட, பந்தோடு இரண்டே பேர் நடுவில், எதிரே நியூ இங்கிலாந்து ஆட்கள் ஒரு கும்பலாக. எதிரணி குழம்பித் தப்பு செய்யும் என்பது திட்டம். யாரும் குழம்பவில்லை. பேசாமல் நின்றிருக்கலாம், பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கித் தொலைத்தார்கள், வாங்கியவர் அங்கேயே அமுக்கப்பட்டார். இது சிரிப்பு.

சிரிக்க முடியாததும் உண்டு. 1985 நவம்பரில் வாஷிங்டன் ஃப்ளீ ஃப்ளிக்கர் ஆடியது, ரன்னிங் பேக் ஓடுவதுபோலப் போய்த் திரும்பிக் குவாட்டர்பேக்கிடமே பந்தை எறிவார். நியூயார்க் ஜயண்ட்ஸ் ஏமாறவில்லை. அவர்களின் லாரன்ஸ் டெய்லர் வந்து விழுந்ததில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது, அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. தந்திர ஆட்டத்துக்குக் கூடுதல் நேரம் தேவை, அந்த நேரம் முழுக்க யாரோ ஒருவர் பாதுகாப்பில்லாமல் நிற்கிறார்.

கேள்வி: என் பையன் டிஃபென்சிவ் எண்ட். இந்த சீசனில் மூன்று தடவை ரிவர்ஸில் ஏமாந்துவிட்டான், கோச் திட்டுகிறார், வீட்டில் வந்து அழுகிறான். என்ன சொல்லித் தருவது?

அக்கா, முதலில் அவனைத் திட்டாதீர்கள், சோம்பேறி ரிவர்ஸில் ஏமாறமாட்டான். ஓட்டம் மறுபக்கம் போகும்போது உடனே துரத்தாமல், எதிரணி பின்வரிசை நிற்கும் ஆழத்துக்கு இரண்டு மூன்று எட்டு நேராக உள்ளே போய், அங்கே நின்று, யாராவது தன் பக்கம் திரும்பி வருகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். யாரும் வரவில்லை என்றால் அப்புறம் துரத்தட்டும். பத்தில் ஒன்பது தடவை யாரும் வரமாட்டார்கள், சும்மா நிற்பது அவனுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வீட்டுப் பின்பக்கம் நீங்களும் அவன் அப்பாவும் ஒரு பந்தை வைத்துக்கொண்டு கைமாற்றிக் கைமாற்றி ஓடிக் காட்டுங்கள், பத்து நிமிடம் போதும். பந்து யாரிடம் என்று அவன் கத்த வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குத் தேங்காயை வைத்துக்கொண்டு ஓடி, என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதனால் பந்தே இருக்கட்டும்.