சுகர் 52-க்கு இறங்கியும் கை நடுங்கவில்லை என்றால்

மீட்டர் கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் அட்ரினல் சுரப்பி எச்சரிக்கை மணி அடிப்பதைக் குறைத்துவிட்டது. "முன்பு 65-லேயே நடுங்கும், இப்போது 52 வந்தும் ஒன்றும் தெரியவில்லை" என்கிறீர்கள். அந்த நடுக்கமும் படபடப்பும் அந்தச் சுரப்பி விடும் 'அட்ரினலின்' என்ற ஹார்மோன் செய்யும் வேலை. இன்சுலின் போடுபவர்களுக்கு சுகர் அடிக்கடி 70-க்குக் கீழே போனால் மூளை அதற்குப் பழகிவிடும். அட்ரினலின் தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கும்.

பெரும்பாலும் தூக்கத்தில் இறங்குவதுதான் காரணம். நாலைந்து நாள் அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்து விரலில் குத்தி சுகர் பாருங்கள். காலையில் தலைவலி, வியர்வையில் நனைந்த தலையணை இருந்தால் அதுவும் துப்புதான்.

இறங்கியிருந்தால், அந்தக் குறிப்போடு டாக்டரிடம் போய் டோஸை மாற்றுங்கள். 2-3 வாரம் லோ சுகர் வராமல் பார்த்துக்கொண்டால் பலருக்கு நடுக்கம் திரும்புகிறது. (நடுக்கம் வந்தால் சந்தோஷப்பட வேண்டிய நிலைமை!)

பிரஷருக்கு ப்ரொப்ரனலால் மாதிரி மாத்திரை எடுத்தாலும் படபடப்பு மறையும்; வியர்வை மறையாது. டைப் 1 (உடலே இன்சுலின் சுரக்காத வகை) சர்க்கரை நோயாக இருந்து, இன்சுலின் தேவை தானாகக் குறைந்து, எடை இறங்கி, தோலும் கறுத்தால் கதை வேறு, அட்ரினல் சுரப்பியே பழுதாகியிருக்கலாம்: அது சுரக்கும் கார்டிசால் ஹார்மோனை அளக்கும் காலை 8 மணி டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை பைக் எடுக்கும் முன் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள்.