பால் பணத்தில் வாங்கிய பாட்டில்

கேள்வி: அவிநாசிப் பக்கம் கிராமம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் குடிகாரன் இல்லை, விஸ்கியை ரசிப்பவன். ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல விஸ்கி எது? எப்படிக் குடித்தால் ருசி தெரியும்? சம்பளத்தில் கை வைப்பதே இல்லை. ரெண்டு சிந்து மாடு இருக்கிறது, லிட்டருக்கு 38 ரூபாய். அந்தப் பால் பணம் வரும்போதுதான் பாட்டில் வாங்குவேன். வீட்டில் சண்டையும் கிடையாது. நாலு மணிக்குப் பால் கறக்க எழுவதால் மனைவி எட்டரைக்கே தூங்கிவிடுவாள்.

பதில்: தம்பி, விஸ்கிக்கு அப்புறம் வருகிறேன். அந்தப் பால் பணம் யாருடையது?

சம்பளத்தில் கை வைப்பதில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். இப்படி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ஒருவருக்குத் தேங்காய் போட்ட பணம், இன்னொருவருக்குச் சீட்டு எடுத்த பணம். சம்பளம் அல்லாத காசெல்லாம் சும்மா வந்தது என்ற நினைப்பு. உங்கள் வீட்டில் அது சும்மா வரவில்லை. இருட்டோடு எழுந்து, சாணி அள்ளி, மடி கழுவி, கறந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றி, திரும்பி வந்து சோளத்தட்டு போட்டு, சாயங்காலம் மறுபடியும் அதே வேலை. மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, நோம்பியும் இல்லை. நீங்கள் சொன்ன விலைக்கு ஆயிரம் ரூபாய் பாட்டில் என்பது 26 லிட்டர் பால். தவிடு, புண்ணாக்குச் செலவையும் கழித்துப் பாருங்கள். துணியில் அரை இன்ச் வீணாகாமல் வெட்டுகிற ஆள், இந்தக் கணக்கை ஒரு நாளாவது போட்டீர்களா?

உங்கள் மனைவி அசந்து தூங்குவதைச் 'சண்டை கிடையாது' என்று எழுதினீர்களே, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. தூங்குகிறவர் சம்மதித்துவிட்டார் என்று யார் சொன்னது? உங்கள் கடிதத்தில் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஒருவர் உழைத்த காசை இன்னொருவர் செலவு செய்யலாம், கேட்டுவிட்டு. கேட்காமல் எடுப்பது திருட்டுதான்.

இனி உங்கள் கேள்வி. ஸ்காட்ச் என்று பெயர் வைக்க, தானியத்தில் காய்ச்சியதை ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் விஸ்கிகள் பலவும் மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகில், எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட்டும் (முளைகட்டிய தானியத்தில் காய்ச்சியது), நிறத்துக்குக் கேரமலும் கலந்தவை. லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். ரம் மொலாசஸில் செய்வதுதான். அதனால் அந்த விலைக்குள் பெயருக்கேற்ற சரக்கு வேண்டுமென்றால் ரம் பக்கம் போகலாம். டாஸ்மாக்கில் நீங்கள் கொடுக்கும் காசில் பெரும்பகுதி வரி. எனவே 200 ரூபாய் கூடக் கொடுத்தால் ருசியும் அவ்வளவு கூடும் என்று நம்பாதீர்கள்.

ருசி தெரிய, சாப்பிட்ட பிறகு 30 மில்லி ஊற்றி, அதே அளவு சாதாரணத் தண்ணீர் சேர்த்து, முகர்ந்துவிட்டு மெதுவாகக் குடியுங்கள். ஐஸ் வாசனையை அமுக்கிவிடும்; கோலா ஊற்றினால் கோலா ருசிதான் தெரியும். 60 மில்லியோடு மூடி வைக்க முடிந்தால் ரசிப்பவர் என்று ஒத்துக்கொள்கிறேன். 180 மில்லி குவாட்டர் முழுதும் போனால், 42.8 சதவீதச் சரக்கில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. அதற்கு ரசனை என்று பெயர் வைக்காதீர்கள். குறைவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிராண்ட் பெயர் என்னிடம் கேட்காதீர்கள். சொசைட்டிக் கணக்கு உங்கள் பேரில் இருந்தால், இந்த வாரமே செயலாளரைப் பார்த்து மனைவி பேருக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். பட்டுவாடா அவர் கைக்குப் போகட்டும். பாட்டில் வேண்டுமென்றால் உங்கள் சம்பளத்தில், அவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளைக் கறவையும் இனி உங்கள் பொறுப்பு. சனிக்கிழமை ராத்திரி பாட்டிலைத் திறக்கும்போது, காலை நாலு மணிக்கு எழ வேண்டும் என்பதையும் யோசித்து ஊற்றுங்கள்.