பண்டைய பாரசீகர்கள் பொய்யை வெறுத்தவர்கள் என்கிறார்களே, இன்றைய ஈரானியர்களிடம் அந்த நேர்மை இருக்கிறதா?

அன்று எல்லோரும் அரிச்சந்திரர்கள், இன்று எல்லோரும் புளுகர்கள் என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு பாதியுமே சரியில்லை.

பழைய புகழுக்கு முதல் காரணம் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். பாரசீகர்கள் தங்கள் மகன்களுக்கு 5 வயது முதல் 20 வயது வரை குதிரையேற்றம், வில்வித்தை, உண்மை பேசுதல் என மூன்றை மட்டுமே கற்பிப்பார்கள் என்று அவர் எழுதினார். பொய்க்கு அடுத்த இழிவு கடன் வாங்குவதாம். கடன்காரன் எப்படியும் பொய் சொல்ல வேண்டி வரும் என்பதால். அதே ஹெரோடோட்டஸ் இன்னொரு கதையும் சொல்கிறார். லஞ்சம் வாங்கிய சிசாம்னெஸ் என்ற நீதிபதியைக் காம்பைசஸ் மன்னன் தோலுரித்து, அந்தத் தோலை நாற்காலிக்கு வாராகக் கட்டி, அதில் அவன் மகனையே நீதிபதியாக உட்கார வைத்தான். ஆக, லஞ்சமும் பாரம்பரியம்தான்!

இரண்டாவது சாட்சி பெஹிஸ்தூன் பாறைக் கல்வெட்டு. கெர்மான்ஷா அருகே கி.மு. 520 வாக்கில் பாரசீக மன்னன் முதலாம் தாரியஸ் மூன்று மொழிகளில் வெட்டியது. தன்னை எதிர்த்த ஒவ்வொருவனையும் 'பொய் சொன்னான்' என்றே அதில் குற்றம் சாட்டுகிறான். தான் கொன்றது பேரரசை நிறுவிய சைரஸின் மகன் பர்தியாவை அல்ல, அவனைப் போல் நடித்த கௌமாதா என்ற பூசாரியை என்கிறான். இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் இதையே சந்தேகிக்கிறார்கள்: கொல்லப்பட்டது உண்மையான இளவரசனாகவே இருக்கலாம். கல்வெட்டின் நான்காம் நெடுவரிசையில் தாரியஸ், 'நான் செய்தவை இன்னும் பல, படிப்பவர் பொய்யென்று நினைத்துவிடுவார் என்பதால் எழுதவில்லை' என்கிறான். இவ்வளவு தற்காப்பு தேவைப்பட்டவனை நான் சத்தியத்துக்குச் சாட்சியாக அழைக்க மாட்டேன்.

அந்தப் பேரரசின் நேர்மைக்கு உண்மையான ஆதாரம் வேறு இடத்தில் கிடக்கிறது. 1933-34இல் பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் ஆயிரக்கணக்கான களிமண் கணக்கு ஏடுகள் கிடைத்தன. கி.மு. 509 முதல் 493 வரையிலான ரேஷன் கணக்குகள். பெரும்பாலும் தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான எலாமைட். ஆண் தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் மாதம் சுமார் 30 லிட்டர் தானியம். வழிப்பயணி என்றால் முத்திரையிட்ட அனுமதிச் சீட்டைக் காட்ட வேண்டும். தந்தவர், பெற்றவர் முத்திரைகள் ஏட்டின் ஓரங்களில் பதியும். பிறகு அந்த ஏடு தலைமையிடத்துக்குப் போய் மொத்தக் கணக்கில் சேரும். நிர்வாகத் தலைவனான பர்னாக்கா நாளொன்றுக்கு 2 ஆடும் சுமார் 90 லிட்டர் திராட்சை மதுவும் பெற்றான். அவன் கணக்கும் ஏட்டில் ஏறியது. அவன் முத்திரை மாறியபோது, 'இனி இந்த ஏட்டில் இருப்பதே என் முத்திரை' என்று கடிதமே அனுப்பினான். பொய்யை வெறுத்தார்களோ இல்லையோ, யாரையும் வாய்வார்த்தையில் நம்பவில்லை.

பாபிலோனைப் பிடித்த சைரஸின் பெயரில் எழுதப்பட்ட களிமண் ஆவணமான சைரஸ் உருளை பற்றி ஓர் எச்சரிக்கை. 'அடிமை முறையை ஒழித்தேன், குறைந்தபட்சக் கூலி வகுத்தேன்' என்று இணையத்தில் சுற்றும் மொழிபெயர்ப்பு போலி. 2003 நோபல் அமைதிப் பரிசு உரைவரை அது போய்விட்டது. உண்மையான 45 வரிகளில் இருப்பது, பாபிலோனியக் கடவுள் மர்துக் சைரஸைத் தேர்ந்தெடுத்தது, தெய்வச் சிலைகளை அவரவர் கோயிலுக்குத் திருப்பி அனுப்பியது போன்றவை. நேர்மைப் பெருமைக்குப் போலி ஆவணம் காட்டுவதை என்னவென்று சொல்ல?

இனி இன்றைய ஈரான். வெளியாட்கள் 'பொய்' என்று முதலில் குறைசொல்வது தாரோஃப் என்ற உபசார வழக்கத்தை. கடைக்காரர் விலை சொல்லாமல் 'காபேல் நதாரே' என்பார், அதாவது உங்களுக்கு முன் இது ஒரு பொருட்டா என்று. பொருளோடு கிளம்பிவிட்டால் பின்னாலேயே வருவார். மறுத்துவிட்டு மீண்டும் விலை கேளுங்கள்; இரண்டு மூன்று சுற்றில் சொல்லிவிடுவார். விருந்துக்கு அழைத்தாலும் இதே கதை. நாளும் நேரமும் குறிப்பிட்டு, மூன்று முறை மறுத்த பின்னும் விடாமல் கேட்டால் அழைப்பு நிஜம். 'ஒருநாள் வாங்க' என்பதோடு நின்றால் மரியாதை மட்டும். வீட்டில் இருக்கும் பொருளை அளவுக்கு மீறிப் புகழாதீர்கள், 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள், எடுத்துக்கொள்ளக் கூடாது. இரு தரப்பும் விதி தெரிந்தே ஆடுவதால் இதில் ஏமாறுபவர் யாருமில்லை, புதியவரைத் தவிர.

பணத்திலும் அதே குழப்பம். 10 ரியால் ஒரு தொமான். விலையைத் தொமானில் சொல்வார்கள், ஆயிரத்தையும் விழுங்கிவிடுவார்கள். 'ஐம்பது' என்றால் 50,000 தொமான், அதாவது 5 லட்சம் ரியால். சந்தேகமிருந்தால் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

நிஜமான ஊழல் அரசுக் கணக்கில் இருக்கிறது. 2018 ஏப்ரலில் டாலர் 42,000 ரியால் என அரசு நிர்ணயித்தது. சில மாதங்களில் வெளிச்சந்தையில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. மலிவு டாலர் யாருக்கு என்பதை அதிகாரி முடிவு செய்யும்போது, இறக்குமதி உரிமமே பணம் காய்க்கும் மரமாகிவிடும். 2023 டிசம்பரில் வெளிவந்த தேயிலை ஊழலின் தொகை சுமார் 337 கோடி டாலர்: உயர்ரக இந்தியத் தேயிலை என்று கிலோ 14 டாலருக்குப் பதிந்துவிட்டு, 2 டாலர் கென்யத் தேயிலையை இறக்கினார்கள் என்று அரசின் ஆய்வு அமைப்பே சொன்னது. அந்த ஆண்டு சர்வதேச ஊழல் குறியீட்டில் ஈரானுக்கு 100க்கு 24 (100 என்றால் ஊழலே இல்லை என்று பொருள்). அந்த எண் அரசுத் துறையைப் பற்றியது, மக்களின் குணத்தைப் பற்றியது அல்ல.

மக்கள் பொய்யை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது 2020 ஜனவரியில் தெரிந்தது. 8ஆம் தேதி உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரான் படை சுட்டு வீழ்த்தியதில் 176 பேர் இறந்தார்கள். தொழில்நுட்பக் கோளாறு என்று மூன்று நாள் சாதித்துவிட்டு 11ஆம் தேதி படை ஒப்புக்கொண்டது. அன்றே தெஹ்ரானின் அமீர் கபீர் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் திரண்டார்கள். சுட்டதற்கு இணையாக, மறைத்ததற்கும் கோபம். பொய்யர்கள் என்று முழங்கினால் சிறை என்று தெரிந்தேதான் முழங்கினார்கள்.